கொடுவாவுக்காகத் திட்டில் தங்கியது

சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே வெறும் வயிற்றோடு ஆட்கள் படிக்கட்டில் நிற்பார்கள். சர்க்கரை பார்க்க வந்தவர்கள், கர்ப்பிணிகள், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்தவர்கள். மதியம் வரைக்கும் ஒரு கை போனால் இன்னொரு கை என் முன்னால் வந்து நீளும். ஊசிக்குப் பயந்தவர்கள் ஜாஸ்தியாகப் பேசுவார்கள். நானும் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நரம்பைத் தேடுவேன். வேலை பிடிக்காமல் இல்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் யாராவது "அப்புறம்?" என்று ஆரம்பித்தால் எனக்கு வாயைத் திறக்கவே வராது.

இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் மணல் திட்டில் தனியாக ராத்திரி தங்கி மீன் பிடித்துவிட்டு வந்தாள் என்றால் எல்லோரும் கேட்பது "எதுக்கு?" என்றுதான். வீட்டில் சண்டையா என்று ஒருவர் கேட்டார். ஏதாவது வேண்டுதலா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டும் இல்லை.

தூண்டில் என் கணவர் வாங்கியது. அவர் வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். போனில் எதையோ பார்த்துவிட்டு ரீல் வைத்த தூண்டில் ஒன்றை ஆர்டர் போட்டார். காட்டுமன்னார்கோயிலில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அதை எடுத்துக்கொண்டு வீராணம் ஏரிக்கரைக்குப் போனார். முதல் தடவை வீசியதில் தூண்டில் கருவேல மரத்தில் மாட்டியது. அடுத்த தடவை அவர் சட்டை முதுகில் மாட்டியது. "இது நமக்கு ஆவாது" என்று என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் ஒரு ஜிலேபி மீன் பிடித்திருந்தேன். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ஆனால் அது இழுத்தது கைக்குள் அப்படியே இருந்தது. ராத்திரி சாப்பிடும்போதும் இருந்தது.

பிறகு நானே போனைப் பார்த்து முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டேன். ரப்பர் தவளையை வைத்து வீராணத்தில் விரால் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கடலூர் பழைய டவுனான ஓ.டி.க்குப் போய்த் துறைமுகத்துக் கல்லில் நின்று வீசினேன். அங்கே தூண்டில் போடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த மாதம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதற்கடுத்து, நான் நிற்கிற கல்லை எனக்கென்று விட்டுவைத்தார்கள்.

அந்த நாட்களில் சமையலறை வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோக்களைப் பார்ப்பேன். தனியாக முதுகில் பையைச் சுமந்துகொண்டு மலை ஏறுவார். மேலே யாருமே இல்லாத ஏரி இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி போட்ட டிரவுட் மீனைப் பிடித்து, சின்ன அடுப்பில் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, கூடாரத்துக்கு வெளியே ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார். மீன் பிடிப்பதைவிட அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மலையும் கிடையாது, டிரவுட்டும் கிடையாது. ஆனால் ஆறும் உப்பங்கழியும் கடலோடு சேருகிற முகத்துவாரங்கள் இருக்கின்றன. அங்கே கொடுவா மீன் இருக்கிறது.

கொடுவாவை நான் அதுவரை மார்க்கெட்டில்தான் பார்த்திருந்தேன். கல்லில் நின்று இரண்டு வருடம் வீசியும் ஒன்றுகூட மாட்டவில்லை. கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு கிடக்கிறது. அதன் தெற்கு முனையில் தண்ணீர் கடலுக்குள் போய்வருகிற இடத்தில் கொடுவா உண்டு என்று என்னிடம் சொன்னவர் ஒரு படகுக்காரர். மாதம் ஒரு முறை தன் மனைவியைச் சர்க்கரை பார்க்க எங்கள் கூடத்துக்கு அழைத்து வருவார். நான் மீனைப் பற்றிக் கேட்டதில் அவருக்கு ஆச்சரியம். "மேடம், அங்க படகுலதான் போவணும். நான் எறக்கிவுடுறேன். சார கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் பேச்சு இப்படிப் போனது.

"ராத்திரி தங்கியே ஆவணுமா? காலையில போயிட்டு சாயங்காலம் வந்துட வேண்டியதுதான?" என்றார் கணவர்.

"இருட்டுற நேரத்துலயும் விடியற நேரத்துலயும்தாங்க அது எடுக்கும். நடுவுல வந்துட்டுப் போவ முடியாது."

"அப்ப நானும் வரேன்."

"வேண்டாங்க."

"ஏன்?"

"நீங்க வந்தா பேசுவீங்க."

சிரித்தார். இரண்டு நாள் கழித்து நான் கேட்காமலே நெற்றியில் மாட்டுகிற விளக்கையும் பவர் பேங்கையும் சார்ஜ் போட்டு மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு விசில். "மச்சானுக்கு மட்டும் தெரிய வேணாம். என்னைத்தான் திட்டுவாரு" என்றார். மச்சான் என்றது என் அண்ணனை. புதுச்சேரியில் ஹாஸ்டலில் இருக்கிற மகன் போனில், "லொகேஷன் ஆன்லயே வையும்மா" என்று மட்டும் சொன்னான்.

பொங்கல் முடிந்து கடல் அடங்கிய சமயம். சனிக்கிழமை மதியம் வேலையை முடித்துக்கொண்டு கிள்ளைக்கு டவுன் பஸ் ஏறினேன். தோளில் ஒரு பை, கையில் தூண்டில், ஐஸ் போட்ட சின்னத் தெர்மோகோல் பெட்டி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மருந்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

படகுத்துறையில் படகுக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"சாரு?"

"வரல. நான் மட்டும்தான்."

அவிழ்க்கப் போன கயிற்றை விட்டுவிட்டார். "ஒங்க வீட்டுல தெரியுங்களா?"

கணவருக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ தெரியாது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது படகுக்காரர் முகம் தெளிந்திருந்தது. "காட்டுக்குள்ள தங்கறதுன்னா நான் வரமாட்டேன் மேடம், அது பாரஸ்ட்டு எடம். திட்டுக்கு ஒண்ணும் இல்ல. எங்க சனங்க எல்லாம் போயி வர எடம்தான்."

சதுப்பு மரங்களுக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாகப் படகு போனது. பிறகு மரங்கள் விலகி அகலமான தண்ணீர் வந்தது. அதற்கு அப்பால் திட்டு. இறங்கும் இடத்தில் மணலுக்குள் பாதி புதைந்து ஒரு சிமென்ட் தரை தெரிந்தது. "எங்க வீடு இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. சுனாமிக்கு அப்புறம் யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே என் பையை இறக்கி வைத்தார். கூடாரத்தை எங்கே போட வேண்டும், ஏத்தத்தில் தண்ணீர் ஏறி எதுவரைக்கும் வரும் என்று காலால் மணலில் கோடு கிழித்துக் காட்டிவிட்டு, விடிந்து வெயில் வந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். படகுச் சத்தம் அடங்க வெகு நேரம் ஆனது.

கூடாரம் ஒரு ஆள் படுக்கிற அளவுதான். வீட்டு மாடியில் இரண்டு முறை போட்டுப் பழகியிருந்தேன். ஆனால் மாடியில் காற்று இவ்வளவு இல்லை. துணி கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. ஐஸ் பெட்டியை அதன்மேல் வைத்து, நானும் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாக அடித்து முடித்தேன். அப்புறம் தூண்டிலைப் பூட்டி எடுத்துக்கொண்டு தெற்கு முனைக்கு நடந்தேன்.

நீர் வடிகிற வத்தம் ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது. உப்பங்கழியின் தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகக் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் நீரோட்டம் சுருள் சுருளாகத் தெரிந்தது. ஓரத்தில் மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளின. பிளாஸ்டிக் மீனை நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசி மெதுவாக இழுத்தேன். வீசினேன், இழுத்தேன். பேச ஆளில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. போனைப் பையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வெயில் இறங்கியது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ அப்படியே போயிருக்கும். அந்த வெள்ளைக்காரர் ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் புரிந்தது. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

சூரியன் சதுப்பு மரங்களுக்குப் பின்னால் போன கையோடு கொடுவா எடுத்தது. கல்லில் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கல் நகர்ந்தது. ரீலிலிருந்து நூல் கரகரவென்று ஓடியது. தண்ணீருக்கு மேலே ஒரு மீன் முழுசாக எழும்பி, வாயை அகலத் திறந்து தலையை இரண்டு பக்கமும் உதறியது. மறுபடி விழுந்தபோது தூண்டில் லேசாகிவிட்டது. நூல் அறுந்திருந்தது. நுனியைத் தடவிப் பார்த்தேன். செவுள் ஓரத்தில் பட்டு வெட்டுப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வருடமாகக் காத்திருந்த மீனை ஒரே ஒரு முறை பார்த்தாகிவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

கெட்டியான நூல் கட்டி மறுபடி வீசியிருக்க வேண்டும். அவசரத்தில், இருட்டுவதற்குள் இன்னொன்று என்று, கடையில் வாங்கி வந்த மடவைத் துண்டைத் தூண்டிலில் குத்திப் போட்டேன். உடனே ஒன்று மாட்டியது. கனமாக, உயிரில்லாத மாதிரி வந்தது. கரைக்கு இழுத்துப் பார்த்தால் கெளுத்தி. மீசையை ஆட்டிக்கொண்டு மணலில் புரண்டது. அதன் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் முள் உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பிளேயரால் தூண்டிலைக் கழற்றும்போது அது ஒரு துள்ளு துள்ளியதில் பக்கத்து முள் என் வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி குத்தியவள் நான். இது ஊசி மாதிரி இல்லை. குத்திய இடத்தில் ஆரம்பித்து, மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி அக்குள் வரைக்கும் போனது. மீனைக் காலால் தள்ளிவிட்டு, கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தேன். இதற்குச் சுடுதண்ணீர்தான் மருந்து. பொறுக்கிற சூட்டில் கையை முக்கி வைத்திருந்தால் அந்த விஷம் அடங்கும். டீ போட வைத்திருந்த சின்னக் கேஸ் அடுப்பை இடது கையால் பற்றவைக்க வெகு நேரம் ஆனது. தண்ணீர் சூடானதும் டிபன் டப்பாவில் ஊற்றிக் கையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வலியைச் சொல்ல ஆள் இல்லை என்பது முதலில் பயமாக இருந்தது. கணவருக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். செய்தால் அந்த நேரத்திலேயே படகுக்காரரை எழுப்பிக்கொண்டு வந்துவிடுவார். வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் போனபின், சொல்ல ஆள் இல்லாதது வசதியாகவும் இருந்தது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று யாருக்காகவும் முகத்தைச் சரி செய்துகொள்ள வேண்டியதில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

அப்போதுதான் உப்பங்கழிப் பக்கம் ஒரு இன்ஜின் சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது. இரண்டு ஆண்களின் குரல். ஒருவன் இன்னொருவனைத் திட்டினான். பிறகு என் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"யாருப்பா அங்க? லைட்டு இருந்தா கொஞ்சம் காட்டுங்க."

விளக்கை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். அணைத்தாலும் அடுப்பு எரிகிறது. விசில் எங்கே வைத்தேன் என்று தேடினேன். விசில் ஊதினால் கேட்கப்போவது இந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் என்பதும் புரிந்தது. துடுப்பால் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். ஃபைபர் படகு. இறங்கியவர்கள் இருவருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும். ஒருவன் உயரம், மற்றவன் தாடி வைத்திருந்தான். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

"அக்கா, தனியாவா இருக்கீங்க?" என்றான் உயரமானவன்.

"இல்ல. வீட்டுக்காரரு உள்ள படுத்திருக்காரு" என்றேன். எங்கிருந்து வந்ததோ, தொடர்ந்து, "காய்ச்சல்" என்றும் சொன்னேன்.

இருவரும் கூடாரத்தைப் பார்த்தார்கள். அதன் வாய் திறந்தேதான் கிடந்தது. உள்ளே என் பையும் ஒரு போர்வையும். தாடிக்காரன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"மாத்திர போட்டாருங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"போட்டாச்சு."

"சரி சரி. தூங்கட்டும்." அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் அந்தத் தணிந்த குரலில்தான். எங்கிருந்தோ மிதந்து வந்த அறுந்த வலை ஒன்று அவர்கள் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டு இறுகிவிட்டது. கத்தி தண்ணீரில் விழுந்துவிட்டது. போன் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் நெற்றி விளக்கையும், நூல் வெட்டுகிற கத்திரியையும், பிளேயரையும் எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் போனேன். இன்ஜினைத் தூக்கிப் பிடித்திருந்தான் தாடிக்காரன். உயரமானவன் வெட்டினான். நான் விளக்கைக் காட்டினேன். நைலான் இழை இழையாக வந்தது. ஓரிடத்தில் அவன் கத்திரியை வைத்துக்கொண்டு இழுத்தபோது, "அப்படி இழுத்தா விசிறி ஓரம் கைய கிழிச்சுடும், பிளேயரால புடிச்சு முறுக்குங்க" என்றேன். முறுக்கினான், கழன்றது.

அப்போதுதான் என் வலது கையைக் கவனித்தான். "என்னாக்கா கை இப்படி வீங்கியிருக்கு?"

"கெளுத்தி."

"அய்ய. வலி உசுரு போவுமே. எங்க கூட வந்துடுறீங்களா? கிள்ளைல ஆஸ்பத்திரில உட்டுடுறோம்." சொல்லிவிட்டு, கூடாரத்தைப் பார்த்து, "அண்ணனையும் தூக்கிப் போட்டுக்கலாம்" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சுடுதண்ணீரில் வலி இறங்க ஆரம்பித்திருந்தது. மேல் கை லேசாகிவிட்டது. "வேணாம்ப்பா. காலையில படகு வரும்" என்றேன்.

வற்புறுத்தவில்லை. படகிலிருந்த பெயின்ட் டப்பாவிலிருந்து உயிரோடு இருந்த இறாலை இரண்டு கை அள்ளி எனக்குக் கொடுத்தார்கள். "கொடுவாவுக்குன்னா இது போடுங்க, பிளாஸ்டிக்கு எல்லாம் வேணாம்" என்றான் தாடிக்காரன். இன்ஜினை முடுக்குவதற்கு முன் படகைக் கொஞ்ச தூரம் துடுப்பாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். "அண்ணன எழுப்ப வேணாம்னுதான்" என்றான் உயரமானவன், இருட்டிலிருந்து.

அவர்கள் நம்பினார்களா, நம்புகிற மாதிரி நடந்துகொண்டார்களா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. நான் பொய் சொன்னதற்கு வெட்கப்படவில்லை. மறுபடி அப்படி ஒரு நிலை வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் படுத்த பிறகு அந்தத் தணிந்த குரலை நினைத்துக்கொண்டபோது சிரிப்பு வந்தது. இல்லாத ஒரு ஆளின் தூக்கத்துக்காக அவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டார்களே.

இறாலை வெங்காயம் வாங்குகிற வலைப் பையில் போட்டு, ஒரு குச்சியில் கட்டி ஓரத் தண்ணீரில் விட்டிருந்தேன். வீட்டிலிருந்து கொண்டு போன புளிச்சோற்றை இடது கையால் சாப்பிட்டேன். பனி நிறைய இறங்கியது. கூடாரத் துணி உள்ளேயும் நனைந்தது. தூங்கினேன் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினேன், கை வலித்தது, விழித்தேன், தண்ணீரைச் சுட வைத்தேன், மறுபடி படுத்தேன். ஒரு முறை நரிகள் ஊளையிட்டன. பிச்சாவரம் பக்கத்தில் நரி உண்டு என்று தெரியும். தெரிந்திருப்பது வேறு, துணிச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்பது வேறு. போர்வையை இழுத்து முகம் வரைக்கும் மூடிக்கொண்டேன்.

கிழக்கே வெளுக்க ஆரம்பித்ததும் எழுந்துவிட்டேன். கட்டைவிரல் வீங்கி மடங்கவில்லை, ஆனால் வலி அந்த ஒரு இடத்தோடு நின்றிருந்தது. முந்தின நாள் தள்ளிவிட்ட கெளுத்தியைக் காணவில்லை. அந்த இடத்தைச் சுற்றிக் காலடிகள், நாயுடையதைவிடச் சின்னது. முள்ளோடு சேர்த்துத் தின்றதா, எங்காவது இழுத்துக்கொண்டு போனதா தெரியவில்லை. வலைப் பையில் பாதி இறால் செத்திருந்தது. மீதி உதைத்தது.

இந்த முறை நிதானமாகக் கட்டினேன். கெட்டியான நூல், பெரிய தூண்டில். உயிரோடு இருந்த இறாலை வால் பக்கமாகக் குத்தினேன். வலது கையால் பிடிக்க முடியாது என்பதால் தூண்டில் தடியின் அடியை அக்குளில் இடுக்கி, முன்கையால் தாங்கிக்கொண்டேன். இடது கையால் ரீலைச் சுற்றலாம். வீசுவதுதான் சிரமம். முதல் வீச்சு கரையிலேயே விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் போனது. மூன்றாவது நீரோட்டத்தின் ஓரத்தில் போய் விழுந்து மெல்ல இழுபட்டது. ஏத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து பச்சையாக, தெளிவாக.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. இறாலை மாற்றினேன். மறுபடி ஒன்றும் இல்லை. கடைசி இறாலுக்கு முந்தினதைப் போட்டிருந்தபோது நூல் சும்மா ஒரு பக்கமாக நகர்ந்தது. இழுப்பும் இல்லை, அடியும் இல்லை. பொறுத்தேன். பிறகு உடம்போடு சேர்த்துத் தடியைத் தூக்கினேன்.

அது ஓடிய வேகத்தில் நான் இரண்டடி தண்ணீருக்குள் இழுபட்டேன். எழும்பியது. நேற்று பார்த்த அதே உதறல். நூலைத் தளர்த்தாமல் தடியைத் தாழ்த்தினேன். விழுந்தது, இன்னும் இருந்தது. கடல் பக்கம் ஓடியது. நானும் கரையோரமாகக் கூடவே ஓடினேன். அக்குளில் தடி அழுத்திய இடம் பிறகு ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது, அப்போது தெரியவில்லை. ஓடும், நிற்கும், நான் சுற்றுவேன், மறுபடி ஓடும். எனக்கு மூச்சு வாங்கியது. "வா வா வா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது. பேசாமல் இருப்பதற்காக இவ்வளவு தூரம் வந்தவள்.

கடைசியில் ஒரு அலை அதைத் தூக்கிக் கொடுத்தது. அலையோடு சேர்த்துப் பின்னாலேயே நடந்து மணலுக்கு இழுத்துவிட்டேன். என் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம். வெள்ளிச் செதில், முதுகில் பச்சைக் கறுப்பு, காலை வெளிச்சத்தில் சிவந்து மின்னுகிற கண். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அதைக் கொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர் பல சமயம் மீனை விட்டுவிடுவார். நான் விடவில்லை. நான் மீன் சாப்பிடுகிறவள். பிளேயரின் பிடியால் தலையில் இரண்டு முறை அடித்தேன். கண் அப்படியே நின்றது. மனசு கொஞ்சம் கனத்தது. அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

பெட்டியில் வால் அடங்கவில்லை. ஈரத் துணியைச் சுற்றி வைத்தேன். ஒரு டீ போட்டேன். கோப்பையோடு கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்தேன். கடலைப் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெயில் ஏறியதும் படகுக்காரர் வந்தார். இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"மேடம், சாருக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

துறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது புரிந்தது. "கொறஞ்சிடுச்சு" என்றேன். மீனைத் தூக்கிப் பார்த்தார், கனத்தை ஒரு முறை சோதித்தார், துணியை மறுபடி சரியாகச் சுற்றி வைத்தார். என் கையைப் பார்த்துவிட்டு மொத்தச் சாமானையும் அவரே ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். முதலில் கையைப் பார்த்தார், பிறகுதான் பெட்டியை. டாக்டரிடம் போய் ஊசி போட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினோம். முள்ளின் நுனி ஒடிந்து உள்ளே இருந்ததை டாக்டர்தான் எடுத்தார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

மீனைக் கணவர்தான் அறுத்தார். செதில் சமையலறை முழுக்கத் தெறித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சல் கதை உட்பட. அறுப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கா காய்ச்சல்?" என்றார்.

"வேற யாருக்குன்னு சொல்லுறது?"

"அதுக்கு நான் நெசமாவே வந்திருக்கலாம்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் வந்திருந்தால் கெளுத்தி முள்ளைப் பிடுங்கியிருப்பார், அந்த இரண்டு பேரைப் பார்த்து நான் நடுங்கியிருக்க மாட்டேன், ராத்திரி நரிச் சத்தத்துக்குக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"வந்திருக்கலாம்" என்றேன். "ஆனா அடுத்த தடவையும் நான் தனியாதான் போவேன்."

கத்தியைக் கழுவினார். "தலைய கொழம்புல போடவா, தனியா வறுக்கவா?" என்று கேட்டார். குழம்பில் போடச் சொன்னேன். புளி கரைக்க ஆரம்பித்தார். அன்று வெகு நேரம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.